கிளாரினெட்காரர் சட்டையில் ஏசுதாஸ்

செங்கல்பட்டில் ‘அம்சா ஸ்டுடியோ’ வைத்திருந்த லட்சுமணனுக்கு ஆகஸ்ட் மாதம் என்றாலே பயம். மற்றவர்களுக்கு அது சுதந்திர தினமும் மிட்டாயும். அவருக்கு அது போஸ்டர் மாதம்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலை நெடுக, மதில், மின்கம்பம், மூத்திரச் சந்து என்று ஒன்றையும் விடாமல் ‘வீரத்திருமகன் ஏசுதாஸ் நினைவுப் பேரவை’ போஸ்டர் ஒட்டும். சோமாலியாவில் ஐ.நா. அமைதிப்படையோடு போய் உயிரை விட்ட ஏசுதாஸ் 1995 போஸ்டரில் சிப்பாயாக இருந்தான். 97-ல் ஹவில்தார். 2000-ல் சுபேதார். 2002-ல் யாரிடமும் சொல்லாமல் கேப்டன் ஆனான். இப்போது 2004, பத்தாம் ஆண்டு. ‘மேஜர் ஏசுதாஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். செத்தவனுக்கு இத்தனை சுருக்காகப் பதவி உயர்வு கொடுத்த ராணுவம் உலகத்தில் வேறு கிடையாது.

பதவி ஏற ஏறப் படம் சுருங்கியது. முதல் வருடம் அரைப் போஸ்டருக்கு இருந்த ஏசுதாஸ் இப்போது வலது மூலையில் தபால்தலை அளவுக்கு நின்றான். மிச்ச இடத்தில், பேரவைத் தலைவர் பரணிதரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கேளம்பாக்கம் பக்கம் மனை விற்பவர். போனில் பேசாத அவர் படத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

லட்சுமணனின் பயத்துக்குக் காரணம் போஸ்டர் அல்ல. அந்தத் தபால்தலைக்குள் இருந்த உடம்பு.

அன்று அவர் மறைமலைநகரில் ஒரு கம்பெனி விழாவுக்குப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது, மனைவி அம்சா கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“கமிட்டிக்காரங்கோ வந்தாங்கோ. ஏசுதாஸ் படத்தோட ஒரிஜினல் கேட்டாங்கோ. பீரோல கீதேன்னு எட்த்துக் குட்த்தேன்.”

லட்சுமணன் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்க மறந்தார். “எந்த ஒரிஜினலு?”

“அட்டையில ஒட்டி வெச்சிருந்தியே, அதான். மாமல்லபுரத்துல சிலை செய்யறாங்கோளாம். போஸ்டர்ல மூக்கு கலங்கலா கீதாம். இன்னாத்துக்கு இப்ப மூஞ்சி செத்துப்போச்சு உனக்கு?”

அவர் பீரோவைத் திறந்து, அடியில் கிடந்த பழுப்புக் கவரை உருவினார். உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு கருப்பு வெள்ளைப் படம். கோட்டையடுப்பு, அண்டா, ஓட்டை தைத்த முண்டா பனியன், இடது கையில் ஆளுயரக் கரண்டி. கழுத்துக்கு மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில், பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்த ஓட்டை. ஓட்டை வழியாக லட்சுமணனின் உள்ளங்கை தெரிந்தது.

*

அந்தக் கரண்டிக்காரன்தான் ஏசுதாஸ்.

92-ல், கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் பிரவின்குமார் பட்டாளத்துக்காரன். அவனோடு லீவில் வந்திருந்த கூட்டாளி ஏசுதாஸ், சமையற்கட்டில் புகுந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். பட்டாளத்திலும் அவன் சமையற்காரன்தான். எண்ணூறு பேருக்கு ரசம் வைக்கிறவனுக்கு இருநூறு பேர் கல்யாணம் ஒரு கல்யாணமா? ஆனால் பந்தியில் மட்டும் அவனை விடவில்லை. இடது கைக்காரன். இடது கையால் பரிமாறினால் சம்பந்திகள் எழுந்து போய்விடுவார்கள் என்று, அவனை அடுப்போடு நிறுத்தி வைத்தார்கள். அவன் அதற்கும் சிரித்தான்.

கல்யாணத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். ஒன்று நாய். இன்னொன்று போட்டோக்காரன். நாய்க்காவது இலையில் ஏதாவது மிஞ்சும். மூன்றரை மணிக்கு, கடைசிப் பந்தியும் எழுந்து, பாயைச் சுருட்டுகிற நேரத்தில் லட்சுமணன் சமையற்கட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, கண்ணு உள்ள போயிருச்சே” என்றான் ஏசுதாஸ். “குந்து. போட்டோக்காரருக்குத் தனியா எட்த்து வெச்சிகினு கீறேன்.”

மூடி வைத்திருந்த இலையில் சோறு, வத்தக்குழம்பு, இரண்டு அப்பளம், ஒரு முழு வாழைக்காய் வறுவல். இருபது வருடத் தொழிலில் யாரும் அவருக்கு எடுத்து வைத்ததில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவியவர், நன்றி சொல்லத் தெரியாமல், பாஸ்போர்ட் படத்துக்கென்று இன்னொரு கேமராவில் போட்டிருந்த கருப்பு வெள்ளை ரோலில் மிச்சமிருந்த கடைசி ஃபிலிமில் அவனை எடுத்தார். ஏசுதாஸ் வாய் நிறையச் சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவன் சவப்பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அடக்கம், படம் வேண்டும். பட்டாளத்திலிருந்து வர நாளாகும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். கூரை ஒழுகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போய், அதில் மனைவி மேரி மட்டும் தெரிந்தாள். மாப்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு கோட்டும் ஒரு பூங்கொத்தும் மிச்சம்.

அப்போது மனைத் தரகில் பால்குடி மறக்காத பரணிதரன் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார். “உங்கிட்ட ஒரு படம் கீதாமே? யூனிஃபார்ம் போட்டு ரெடி பண்ணு. சிரிக்கிறா மாரி இருக்கக் கூடாது. சாவு வூடு.”

யூனிஃபார்முக்கு எங்கே போவது? கடையில் இருந்த ஒரே யூனிஃபார்ம் படம், ராயல் பேண்டு வாத்தியக் குழுவின் கிளாரினெட்காரர் ஜெபக்குமாருடையது. தோளில் தங்கச் சரிகை, மார்பில் குறுக்கே கயிறு, குஞ்சம், இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். லட்சுமணன் ஏசுதாசின் தலையை வெட்டி, பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி, மைதாப் பசை போட்டு ஜெபக்குமாரின் கழுத்தில் ஒட்டினார். தண்ணீரில் குழைத்த மையில் பிரஷ்ஷைத் தொட்டு உதட்டை மூடினார். பல்லை மறைத்தார். கன்னத்தில் விழுந்திருந்த சிரிப்பு மடிப்பை நிரவினார். மீசையை முறுக்கி விட்டார். பிறகு அதை அப்படியே இன்னொரு படம் எடுத்து, ஐம்பது பிரதி போட்டார்.

ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதது மட்டுமல்ல, “இன்னா கம்பீரம்” என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவன் ஊர் முச்சந்தி டீக்கடையில் ஏசுதாசுக்குத் தனி கிளாஸ். செத்த மூன்றாம் நாள் அந்தக் கடையிலேயே படத்தை மாட்டி ஊதுவத்தி ஏற்றினார்கள். கம்பீரம் என்பது சரிகையில் இருக்கிறது.

*

லட்சுமணன் ஃபிலிமைத் தேடவில்லை. அது இருக்காது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு, எல்லாம் டிஜிட்டல் ஆகிறது என்று, முப்பது வருட நெகட்டிவ்களையும் மூட்டை கட்டி, வெள்ளி பிரிக்கிற ஆளிடம் எடைக்குப் போட்டிருந்தார். ஆக, உலகத்தில் ஏசுதாசின் முகம் என்று ஒன்று இருந்தால், அது அட்டையில் ஒட்டிய அந்த ஒற்றைத் தலைதான். அதுவும் இப்போது கல்லுளிக்கு நடுவே கிடந்தது. சிலை செய்கிறவன் முகத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவான். தண்ணீர் தெளிப்பான். வேலை முடிந்ததும் வீசிவிடுவான்.

பரணிதரனிடம்தான் முதலில் போனார். விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னார். தலைவர் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“அவன் சமையல்காரன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு? கையில கரண்டி குட்த்து சிலை வெக்கச் சொல்றியா? கரண்டிக்கு எவன்யா மாலை போடுவான்?”

“அந்தச் சட்டை பேண்டு வாத்தியக்காரன்துங்க. பெரிய ஆஃபீசரு வந்தா கண்டுபுட்ச்சிருவாரு.”

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசிப்பதற்காகப் போனைக்கூடக் கீழே வைத்தார். “மிலிட்டரி பேண்டுன்னு சொல்லிக்கலாம். போய் வேலையப் பாரு.”

மறுநாள் லட்சுமணன் மேரியின் வீட்டுக்குப் போனார். மேரி ஏசுதாசின் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் கொடுத்த தொகையில் கட்டிய ஒற்றை அறை ஓட்டு வீடு. சுவரில் ஏசுநாதர் இருந்தார், மாதா இருந்தார், ஒரு மளிகைக்கடைக் காலண்டர் இருந்தது. ஊரிலுள்ள டீக்கடை, சலூன், சங்கக் கட்டடம் எல்லாவற்றிலும் தொங்குகிற படம் அங்கே மட்டும் இல்லை.

“வா அண்ணாத்த” என்றாள். அவர் கண் சுவரில் தேடுவதைப் பார்த்துவிட்டாள். “அந்தப் படத்த நான் மாட்டலை.”

“ஏம்மா?”

மேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “சொன்னா காறித் துப்புவ. அதப் பாத்தா எனக்கு அழுகை வர்ல. வர்சா வர்சம் மேடையில ஏத்தி, மாலையக் கையில குட்த்து, அந்த மூஞ்சி முன்னாடி நிக்க வெக்கிறாங்க. கண்ணுல ஒரு பொட்டு தண்ணி இல்ல. கல்லு மனசுக்காரின்னு பேசிக்கிறாங்க. சர்ச்சு ஃபாதரு கிட்டக்கூட சொன்னேன். ஜெபம் பண்ணுன்னாரு. பண்ணேன். வர்ல. புருசன் மூஞ்சியப் பாத்து அழாத பொம்பளை நான் ஒருத்திதான் கீறேன் போல.”

லட்சுமணன் தோளிலிருந்த பையைத் தரையில் இறக்கினார். போஸ்டரைப் பற்றியும் சிலையைப் பற்றியும், யாரோ ஒரு ஆபீசர் கண்டுபிடிப்பதைப் பற்றியும் பத்து வருடம் பயந்திருந்தார். இந்த ஒற்றை அறையைப் பற்றி ஒருநாள்கூட நினைத்ததில்லை.

பையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்து, படத்தை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். பேண்டு வாத்தியக்காரர் சட்டை, பசை, உதடு, பல். சொல்லி முடித்துவிட்டு அடி வாங்கத் தயாராக நின்றார்.

மேரி படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில்லாத தோளை விரலால் தொட்டாள். பனியன் தையலில் விரலை வைத்தாள்.

“இது நான் தெச்ச ஓட்ட. நூலு கலரு மாறிப்போச்சின்னு கிண்டல் பண்ணிகினே இருந்தாரு.” அப்புறம் நிமிர்ந்தாள். குரல் மாறியிருந்தது. “பத்து வர்சமா எவனோ ஒர்த்தனுக்கு என்னை மாலை போட வெச்சிட்டியே, நீ நல்லா இருப்பியாய்யா?”

மேரி பிளேடு வெட்டிய ஓட்டையைக் காட்டினாள்.

“தல அவருதா?”

“தல அவருதுதாம்மா.”

“அப்ப தலைய வாங்கினு வா.”

*

மாமல்லபுரத்தில் கேசவனின் பட்டறைக்கு மேரியும் கூடவே வந்தாள். கல் அறுக்கிற மிஷின் சத்தத்தில் பிள்ளையார்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, ஆறடியில், கையில் துப்பாக்கியோடு ஒரு கிளாரினெட்காரர்.

“குஞ்சம் வந்திருக்கு பாரு அண்ணாத்த” என்று பெருமையோடு காட்டினான் கேசவன். “நூலு நூலா எட்த்திருக்கேன். பட்டாளத்துல இத்தினி நகை போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

முகம் இன்னும் முடியவில்லை. முடிந்தவரைக்கும் அது வாசலில் நிற்கிற துவாரபாலகரின் தம்பி மாதிரி இருந்தது. பக்கத்தில் சாக்குமேல் அந்த அட்டை. லட்சுமணன் பயந்தபடியே, நெற்றியிலிருந்து தாடை வரை பென்சில் கட்டங்கள். கம்பிக்குள் அடைத்த ஆள் மாதிரி ஏசுதாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம்.

“இப்ப குட்த்துட முடியாது” என்றான் கேசவன். “கண்ணு தொறக்கணும். தொறப்பு விழா அன்னிக்குத்தான் கண்ணு தொறப்போம், அதான் எங்க முறை. தொறந்த கையோட வாங்கிக்கோ.”

மேரி சிலையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். வலது கையில் துப்பாக்கி. அதைத் தட்டிப் பார்த்தாள்.

“இவுரு சுட்டு நாலு பேரக் கொன்னாருன்னு மேடையில சொல்றாங்களே, உனுக்குத் தெரியுமா?” என்று லட்சுமணனைக் கேட்டாள். “இவுரு கூட்டாளி பிரவின்குமார் லெட்டர் போட்டிருந்தாரு. வெங்காய மூட்டை ஏத்தின லாரி. முன்னாடி சீட்டுல இவருக்குத்தான் எடம். கூட வந்த ஆளுக்கு ஜொரம்னு அவன அங்க குந்த வெச்சிட்டு, இவுரு பின்னாடி மூட்டை மேல ஏறிக்கினாரு. பின்னாடிதான் சுட்டாங்க.” துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “அத ஒருத்தரும் மேடையில சொல்ல மாட்றாங்க” என்றாள்.

“நீ வேணாம்னு சொன்னா சிலைய நிறுத்திடலாம்மா. நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“சிலை அவுங்களுக்கு வேணும், வெச்சிக்கட்டும். எனக்கு அந்தப் படம் கட்டம் இல்லாம திரும்பி வர்ணும். அழிக்க முடியுமா அது?”

“பார்க்கறேன்” என்றார் லட்சுமணன். முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை.

*

ஊர் முச்சந்தியில் திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வாத்தியத்துக்கு, வேறு யார், ராயல் பேண்டுதான். பத்து வருடத்தில் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்ட ஜெபக்குமார் அதே சரிகைச் சட்டையைத் தம்பிடித்துப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையை இழுத்ததும் கிளாரினெட் பாதியில் நின்றது. சிலையைப் பார்த்தார். குனிந்து தன் பொத்தான்களைப் பார்த்தார். எண்ணினார். கேமராவோடு நின்ற லட்சுமணனைப் பார்த்தார்.

“அண்ணாத்த, இது வந்து...”

“வாயில கிளாரினெட்ட வெய்யி. எடுக்காத” என்றார் லட்சுமணன்.

பட்டாளத்திலிருந்து ஒரு நடுத்தர வயது அதிகாரி வந்திருந்தார். சிலையின் தோளையும் குஞ்சத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனிதர், காட்டிக்கொள்ளவில்லை. விறைப்பாகத் திரும்பி, ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மேரிக்குச் சல்யூட் வைத்தார். பரணிதரன் பதறிப்போய் அவர் முழங்கையைப் பிடித்து, “சார், சிலை இந்தப் பக்கம் சார்” என்று திருப்பிவிட்டார்.

மேரி மாலை போட்டாள். வழக்கம்போல அழவில்லை. “பாத்தியா, கல்லு” என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். இந்தத் தடவை மேரி திரும்பி, “எது?” என்று கேட்டாள்.

மதியம், எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கையில், லட்சுமணன் கேசவனிடமிருந்து வாங்கிய அட்டையோடு மேரியின் வீட்டுக்கு வந்தார். அகலமான தாம்பாளம் ஒன்று கேட்டார். அவள் அடுக்குப் பாத்திரங்களுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து, கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“கிழிஞ்சா போச்சும்மா. வேற இல்ல.”

“போடு” என்றாள்.

படத்தை அட்டையோடு தண்ணீரில் அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பென்சில் கட்டங்களைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார், ஒவ்வொன்றாகப் போயின. நெற்றியில் ஒன்று மட்டும் அழுந்தப் பதிந்து நின்றது. பசை இளகி, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. கழுத்தோரம் நகத்தைக் கொடுத்தார். ஜெபக்குமாரின் தங்கச் சரிகைத் தோளைவிட்டு ஏசுதாசின் தலை மெல்லக் கழன்று, தனியாக மிதந்தது.

மிதந்த தலையில் மீசை முறுக்கு முதலில் கரைந்தது. மை நூல் நூலாகத் தண்ணீரில் இறங்கியது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தான் போட்ட உதடு, தன் கண்ணெதிரே கலைந்து போவதை லட்சுமணன் பார்த்தார். வாழ்க்கையில் தன் வேலை கெட்டுப்போவதற்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அன்று ஒருநாள்தான். மூடியிருந்த வாய்க்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. கோடு அகன்றது. கன்னத்தில் மடிப்பு விழுந்தது. பல் தெரிந்தது. அடுத்து, பாதி உடைந்த பல்.

மேரி தாம்பாளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“தோ, பல்லப் பாரு” என்றாள். “கல்யாணம் ஆயி மூணாம் நாளு, எங்கம்மா வூட்டு முறுக்கக் கடிச்சி ஒட்ச்சிக்கினாரு. எங்கம்மாவ மறு ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவேன்னாரு...” தாம்பாளத்துத் தண்ணீர் அவள் பிடியில் ஆடியது. அந்த ஆட்டத்தில் ஏசுதாசும் தோள் குலுங்கச் சிரிக்கிற மாதிரி இருந்தான். தோள் அங்கே இல்லை என்பதுகூட உறைக்காதபடி.

லட்சுமணன் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே மேரி அழுகிற சத்தம் கேட்டது. பத்து வருடப் பாக்கி. சீக்கிரம் முடிகிற அழுகையாக இல்லை. முச்சந்தியில் பரணிதரன் மைக்கில், மேஜர் ஏசுதாஸ் எதிரிகளைப் பந்தாடியதை விவரித்துக்கொண்டிருந்தார். இடையிடையே ராயல் பேண்டு கொஞ்சம் வாசித்தது.

வெயில் தாழ்ந்தபோது மேரி கூப்பிட்டாள். தலை காய்ந்து, லேசாகச் சுருண்டிருந்தது. கவரிலிருந்த கரண்டிக்காரனைத் தரையில் விரித்து வைத்திருந்தாள். அவர் பசை தொட்டு, குனிந்து, ஓட்டையில் தலையைப் பொருத்தினார். விளிம்பு சேர்ந்தது. பிரஷ் தேவைப்படவில்லை.

“முதல்ல காயட்டும். கண்ணாடி போட்டு எட்த்தாறேன்” என்றார்.

“கண்ணாடி வாணாம். மறுபடி ஒட்டிக்கும்.” மேரி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாதாவையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்து, காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியைத் தட்டி இறுக்கினாள். அப்புறம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நீ இன்னும் துண்ணலை இல்ல?”

“விழாவுல பொட்டலம் வாங்காமயே வந்துட்டேன்.”

“போட்டோக்காரன் பொழப்பு” என்றாள் மேரி. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி, மூடியைத் திறந்தாள்.